மூட்டையில் ஓர் இடம்

ஓரகத்திகளுக்குள் சண்டை வர பெரிய காரணம் வேண்டுமா என்ன? அடுப்படி ஒன்று போதும். ஆனால் இந்த வீட்டு மருமகள்கள் இருவருக்கும் நடுவில் வந்த வில்லங்கம் அடுப்படியில் இல்லை, கணினிக்குள் இருந்தது. அவர்களுடைய மாமியாருக்கு அது கடைசிவரை விளங்கவே இல்லை. "பிடிஎஃப் திறந்து படிக்க ஒரு புரோகிராம். அதுக்கா இவ இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு அலையறா?" என்று மகனிடம் கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

மாமியாரை விடுங்கள். மூத்தவளுக்கு அது வெறும் புரோகிராம் இல்லை. இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தபோது, தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே எழுதியது அது. 'ஏடு' என்று பெயர் வைத்தாள். மூட்டைக்காரர்கள் அதைப் பார்த்துப் பிடித்துப்போய்ச் சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து மூட்டையில் அதற்கு ஓர் இடம் உண்டு.

மூட்டை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பழைய கணினிகளுக்கென்று சில பேர் சேர்ந்து கட்டித் தருகிற இலவசத் தொகுப்பு அது. கணினியை ஓட்டுகிற அமைப்பும் அதற்கு மேல் அன்றாடம் தேவைப்படுகிற புரோகிராம்களும் ஒன்றாக ஒரு பென் டிரைவில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றி எழுதலாம். பள்ளிக்கூடம், நூலகம், சின்ன ஆஸ்பத்திரி என்று நெட் சரியாகக் கிடைக்காத இடங்களுக்குத்தான் அது முக்கியமாகப் போகும். மூட்டைக்கு வெளியே நெட்டில் 'கிடங்கு' என்று ஒன்று இருக்கிறது. அங்கே கொட்டிக் கிடக்கிறது, ஆனால் அதை எட்டிப் பார்க்க இவர்களுக்கு வழியில்லை. மூட்டையில் இருப்பதுதான் அவர்களுக்கு உலகம். அந்த மூட்டையோ ரொம்பச் சின்னது. மலிவான பென் டிரைவில் அடங்க வேண்டும் என்பதால் ஒரு வேலைக்கு ஒன்றுதான் என்று கறாராக வைத்திருந்தார்கள். எழுத ஒன்று, கணக்குப் போட ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று, படம் பார்க்க ஒன்று, கோப்பைத் திறந்து படிக்க ஒன்று. அந்தக் கடைசி ஒன்று மூத்தவளுடையது.

பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வித்தாளைத் திறக்கும்போது ஏட்டின் முகப்பு தெரியும். பல் டாக்டரிடம் போனால் எக்ஸ்ரே அறிக்கை ஏட்டில் திறக்கும். மூத்தவள் வாயைத் திறக்க மாட்டாள். பல்லைப் பிடுங்கியவரிடம் போய் இது நான் எழுதியது என்றா சொல்ல முடியும்? ஆனால் அன்று வீட்டுக்கு வருகிற நடையே வேறாக இருக்கும். வீட்டில் யாரும் அவளை எதற்கும் மெச்சுவதில்லை, அவளுக்கும் அது பழகிவிட்டது. ஏடு மூட்டையில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும் என்றிருந்தாள்.

அப்போதுதான் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி இளையவள் வந்து சேர்ந்தாள். நல்ல பெண். அதுதான் சங்கடமே. கெட்டவளாக இருந்திருந்தால் வாய்விட்டுத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். இவளோ மாமனார் பழைய ஜோக்கைத் திருப்பிச் சொன்னாலும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பாள். மூத்தவளின் பிள்ளைகள் வீட்டுப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு நேரே சித்தியிடம் ஓடுவார்கள். மூத்தவள் துவைத்துப் போட்டால் அது வேலை, இளையவள் ஒரு நாள் துவைத்துப் போட்டால் அது அதிசயம். மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

அந்த இளையவளை மூட்டைக்காரர்களிடம் கூட்டிப்போனதே மூத்தவள்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். புரோகிராம் எழுதத் தெரிந்தவள், வந்த இடத்தில் பொழுது போகாமல் தவிக்கிறாளே என்று பாவம் பார்த்தாள். மற்றவர் புரோகிராமில் பிழை கண்டால் திருத்தி எப்படி அனுப்புவது, யாரிடம் எப்படிப் பேசுவது, எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். இளையவள் கற்பூரமாகப் பற்றிக்கொண்டாள்.

ஒருநாள் சாப்பிடும்போது மூத்தவளின் புருஷன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், இளையவள் படிக்கிறதுக்கு ஏதோ ஒன்று செய்திருக்கிறாளாம், 'இதழ்' என்று பேராம், தொட்ட உடனே திறக்கிறதாம். அவன் அதோடு விட்டிருக்கலாம். தன் லேப்டாப்பிலும் அதைத்தான் போட்டிருப்பதாகச் சொன்னான். கட்டின புருஷன், அவள் பக்கத்திலேயே படுத்து எழுந்திருப்பவன், அவளுடைய ஏட்டை எடுத்துவிட்டு இளையவளின் இதழைப் போட்டுக்கொண்டிருக்கிறான். மூத்தவள் அவன் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சோற்றை அவன் தட்டில் போட்டாள், போட்ட வேகத்தில் பாதி மேஜையில் விழுந்தது.

மறுவாரம் இளையவள் முறைப்படி கேட்டேவிட்டாள், அடுத்த மூட்டையில் ஏட்டுக்குப் பதில் இதழைச் சேர்க்கலாமா என்று. அதைக் கேட்பதற்கு முன் மூத்தவளின் அறைக்கு வந்து, "உங்களுக்கு வருத்தம் இல்லையேக்கா?" என்று கேட்டாள். "எனக்கென்ன வருத்தம்? நல்லது எதுவோ அது போகட்டும்" என்றாள் மூத்தவள். அவள் சொன்ன தினுசைக் கேட்டிருந்தால் பச்சைக் குழந்தைகூட நம்பியிருக்காது.

மூட்டைக்காரர்களிடம் இந்த மாதிரி நேரத்துக்கென்று ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. அதற்கு 'மாற்று வக்காலத்து' என்று பேர். ஒரே இடத்துக்கு இரண்டு புரோகிராம் போட்டி போட்டால், இதை எழுதியவர் அதற்காகவும் அதை எழுதியவர் இதற்காகவும் எழுந்து பேச வேண்டும். முன்பு ஒரு தடவை பாட்டுக் கேட்கிற புரோகிராம் இரண்டுக்கு நடந்த தகராறில் நல்ல நண்பர்கள் இருவர் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காமல் போய்விட்டார்களாம். அதற்குப் பிறகு கொண்டுவந்த ஏற்பாடு இது. அடுத்தவர் சரக்குக்காகப் பேச வேண்டுமென்றால் அதை எடுத்துப் பழகியாக வேண்டும், பழகினால் வாய் கொஞ்சம் அடங்கும் என்பது கணக்கு. கூடவே ஒரு கட்டுப்பாடும் உண்டு. பழகும்போது குறை ஏதும் கண்ணில் பட்டால் எழுதியவரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். தெரிந்தே மறைத்தால், மறைத்தவருடைய சரக்கு அந்தத் தடவை மூட்டைக்குள் போகாது.

ஆக, மூத்தவள் இதழுக்கு வக்காலத்து. இளையவள் ஏட்டுக்கு வக்காலத்து.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஏட்டுக்கு ஒரு திருத்தம் வந்தது. அனுப்பியது இளையவள். ஏடு திறக்கத் தாமதமாகிறது என்று எல்லாரும் வெகுநாளாகக் குறை சொல்லிவந்தார்கள், அதைச் சரிசெய்து அனுப்பியிருந்தாள். மூத்தவள் அந்தப் பெயரைப் பார்த்தாள், அடியில் இருந்த வரிகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது நன்றாக இருக்கும், அதுதான் தாங்காது. வேண்டாம் என்று தள்ளினால் பொறாமை என்று நாலு பேர் பேசுவார்கள். அதனால் கண்ணை மூடிக்கொண்டு மருந்து குடிப்பதுபோல் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்திவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். அந்தத் திருத்தத்தை அவள் தன் கணினியில் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் செய்தது இல்லை.

அதற்குப் பதிலாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இதழில் குறை தேடினாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் உட்காருவாள். பெரிய கோப்பு, சின்னக் கோப்பு, கிழிந்த புத்தகத்தைப் படமெடுத்த கோப்பு, ஒன்று விடாமல் திறந்து பார்த்தாள். பாழாய்ப் போனது எல்லாவற்றையும் திறந்தது, அதுவும் டக் டக்கென்று திறந்தது. நடுவில் அவளை அறியாமல் ஒரு கதையை அதிலேயே கடைசிவரை படித்துமுடித்துவிட்டு, முடித்ததும் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசியில் அகப்பட்டது. தண்ணீர் பம்ப் பழுதுபார்க்கும் பழைய கையேடு ஒன்று. அதன் உள்ளே ஓரிடத்தில் மடித்து வைத்த பெரிய வரைபடம் உண்டு, மற்றப் பக்கங்களைவிட மூன்று மடங்கு அகலம். இதழில் அந்தப் பக்கத்துக்குப் போனால் வெள்ளை. ஒரு கோடுகூடத் தெரியவில்லை. தன் கணினியில் இருந்த ஏட்டில் அதே பக்கத்தைத் திறந்தாள், பளிச்சென்று தெரிந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

இளையவள் அடுத்த அறையில்தான் இருந்தாள். எழுந்து போய்ச் சொன்னால் போதும். மூத்தவள் எழுந்திருக்கவில்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாலும், அப்போதுதான் தற்செயலாகக் கண்ணில் பட்டதுபோல் அதைத் திறந்துகாட்டுவது என்று முடிவுசெய்துகொண்டாள். அப்புறம் சரிசெய்ய நேரம் இருக்காது, ஏனென்றால் மூட்டை கட்டி முடிக்கிற நாளும் அதுதான்.

கூட்டம் நூலகத்தின் பின்கட்டில் நடந்தது. பசை வாடை அடிக்கிற அறை, பைண்டிங்குக்குப் போட்ட புத்தகங்கள் சுவரோரமாக அடுக்கிக் கிடந்தன, புராஜெக்டர் போட்ட படம் சுவரில் ஒரு பக்கம் சாய்ந்தே விழுந்தது. நூலகர்தான் கூட்டத்தை நடத்துபவர். ரொம்பக் கறாரான பெண்மணி, திருப்பித் தராத புத்தகத்துக்காகச் சொந்தத் தம்பியையே வீட்டு வாசலில் நிற்கவைத்தவர். மூட்டையைக் கட்டுகிற வேலை 'தாடி' என்கிறவனுடையது. அவன் கணினியில்தான் எல்லாருடைய புரோகிராமும் அன்றைய தேதிக்குப் புதிதாக ஏற்றப்பட்டிருக்கும், சுவரில் திறந்து காட்டுவதும் அதிலிருந்துதான்.

முதலில் இளையவள் ஏட்டுக்காகப் பேசினாள். அவள் பேசப் பேச மூத்தவளுக்கு உட்கார முடியவில்லை. விட்ட பக்கத்தை ஏடு ஞாபகம் வைத்திருப்பதைச் சொன்னாள். கண் மங்கியவர்களுக்காக எழுத்தைத் தடிமனாக்கிக் காட்டுவதைச் சொன்னாள். மெனுவில் எது எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்பது வரை சொன்னாள். "எழுதினவங்க, படிக்கிறவங்க பக்கத்துல உக்காந்து பாத்து எழுதியிருக்காங்க. என்னோடதுல அது இல்ல" என்று முடித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். மூத்தவளுக்கு ஒரு நிமிஷம் கண் கலங்கியது உண்மைதான். அடுத்த நிமிஷமே, நான் பெத்த பிள்ளையைப் பற்றி என்னைவிட இவள் நன்றாகப் பேசுகிறாளே என்று எரிந்தது. தன்னைப் புகழ்ந்ததற்கே பொறாமைப்பட்ட பிறவியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இவள் பட்டாள்.

பிறகு மூத்தவள் எழுந்தாள். இதழை வாயாரப் புகழ்ந்தாள், வேகத்தைச் சொன்னாள், அழகைச் சொன்னாள். அப்புறம், "எதுக்கும் ஒரு கோப்பத் திறந்து காட்டிடறேன்" என்று பம்ப் கையேட்டைத் திறந்து, அந்தப் பக்கத்துக்குப் போனாள். சுவரில் வெள்ளையாக ஒரு செவ்வகம் சாய்ந்து விழுந்தது. "அடடா, இது என்ன?" என்றாள்.

அறையில் சலசலப்பு. இளையவள் முகம் செத்துவிட்டது. நூலகர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அதையே ஏட்டில் திறக்கச் சொன்னார். அதற்காகத்தானே மூத்தவள் காத்திருந்தாள்? திறந்தாள், அதே பக்கத்துக்குப் போனாள்.

வெள்ளை.

மூத்தவள் மூடிவிட்டு மறுபடி திறந்தாள். மறுபடியும் வெள்ளை. தாடிதான் தன் திரையில் எதையோ புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான். ஏட்டை வேகமாக்கின திருத்தம் இருக்கிறதே, அதில் பக்கத்தை வரைகிற பகுதி அப்படியே இதழிலிருந்து எடுத்துப் போட்டது, அந்தப் பிழையும் கூடவே வந்திருக்கிறது, திருத்தத்தை ஏற்கும்போது ஓட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்டான். மூத்தவளின் கணினியில் இருந்தது திருத்தத்துக்கு முந்தைய பழைய ஏடு என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

நூலகர் அதோடு விடவில்லை.

"தடிப் புத்தகமா இருக்கே இது. நேரா இந்தப் பக்கத்துக்கே எப்படிப் போனீங்க?"

மூத்தவள் வாயைத் திறந்தாள். தற்செயலாக என்று சொல்லத்தான் திறந்தாள். இளையவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, கணக்குப் போட்டு விடை வந்துவிட்ட பார்வை.

"முன்னாடியே பாத்துட்டேன். சொல்லல" என்றாள் மூத்தவள்.

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? மறைத்ததால் ஏடு போயிற்று. குறையோடு இருப்பதால் இதழும் போயிற்று. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கிடங்கில் வேறு ஏதாவது கிடக்கிறதா என்று நூலகர் கேட்க, எங்கேயோ உட்கார்ந்து யாரோ ஒருவன் எழுதிய படிப்பான் ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது, அளவிலும் சின்னது என்றான் தாடி. அந்த ஆளை இந்த அறையில் யாருக்கும் தெரியாது. தாடி அந்தக் கையேட்டை அதில் திறந்தான், வரைபடம் சுவர் முழுக்க விரிந்தது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அந்தக் கூத்தாடிக்கு ஊர் ரெண்டுபட்டதே தெரியாது, அதுதான் கொடுமை.

"ஏட்ட எடுத்துட்டேன்" என்றான் தாடி. தொட்டிலை ஆட்டிக்கொண்டு எழுதியது, பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் தினம் திறந்தது, ஒரு விசையைத் தட்டியதில் வெளியே போய்விட்டது. மூத்தவள் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது, வேறு சீட் காலி இல்லை.

"அடுத்த ரூம்லதான இருந்தேன்" என்றாள் இளையவள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே சரி பண்ணியிருப்பேன்."

"தெரியும். பண்ணிடுவன்னுதான் சொல்லல." மூத்தவளுக்கு இனி மூடி மறைக்க ஒன்றும் இல்லை. "எனக்கு உன்னப் பாத்தா எரியுது. நீ வந்த நாள்ல இருந்தே எரியுது. அவரு லேப்டாப்புல உன்னோடதப் பாத்தப்போ அழுகையே வந்துச்சு. அதச் செஞ்சிட்டு நீயே வந்து என்னோடதுக்கும் திருத்தம் அனுப்புற. அதுக்கு நான் உன்ன என்ன பண்றது?"

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழப்போகிறாளோ என்று மூத்தவள் பயந்தாள். இளையவள் அழவில்லை.

"அது உங்களுக்காக அனுப்பலக்கா."

"பின்ன?"

"திருத்தம் அனுப்பினவங்க பேரெல்லாம் ஏட்டுல தெரியும்ல? மூட்டைக்குள்ள இதழ் போனாலும் கூடவே என் பேரு போகும், ஏடு போனாலும் போகும். எது ஜெயிச்சாலும் மூட்டைக்குள்ள நான் இருக்கணும்னுதான் அனுப்பினேன்." மீதியையும் கொட்டிவிட்டாள். "கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்க போனாலும் உங்க ஏடுதான். பல்லு வலின்னு போனா அந்த டாக்டர்கிட்டயும் ஏடு. உங்க கொழுந்தன் ஊரெல்லாம் எங்கண்ணி பண்ணினதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாரு. எனக்கு மட்டும் எரியாதா?"

மூத்தவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளும் இவளிடம் ஒரு குறையும் இல்லையே என்பதுதான் அவள் நெஞ்சைப் போட்டு அறுத்தது. இப்போது பார்த்தால் இவளும் நம்மைப் போலத்தான், பார்க்கப்போனால் நம்மைவிட ஒரு படி மேல். நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கிவைத்ததுபோல் இருந்தது. கொழுந்தன் ஊரெல்லாம் சொல்கிறான் என்பது அதற்கும் கொஞ்சம் பிறகுதான் காதில் ஏறியது.

"அடிப்பாவி" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. இளையவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அந்த மூணாவது ஆளோடத ஓட்டிப் பாத்தியா?" என்றாள் மூத்தவள்.

"இல்ல. தாடிகிட்ட இருந்து காப்பி பண்ணிட்டு வந்தேன்."

"எடு."

இளையவள் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். ஒருத்தி பக்கங்களைப் படபடவென்று புரட்டினாள். இன்னொருத்தி எழுத்தைப் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள், தலைகீழாகக்கூடத் திருப்பினாள். எங்கேயாவது தடுக்கும் என்று பார்த்தால் தடுக்கவில்லை. மெனு அசிங்கமாக இருக்கும் என்று மூத்தவள் ஆசையோடு திறந்தாள், துடைத்துவைத்ததுபோல் இருந்தது. திறக்கிற வேகத்தைப் பார்த்து இளையவளின் உதடு பிதுங்கியது.

"நல்லாத்தான்க்கா பண்ணியிருக்கான்" என்றாள்.

மூத்தவள் இன்னொரு கோப்பைத் திறந்தாள். அதுவும் திறந்தது.

"ஆமா" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நாசமாப் போறவன்."